மோதாமலே மோதும் பிளாஸ்மா: சார்பியல் அதிர்ச்சி அலைகளுக்குள் நுழைய ஒரு வழிகாட்டி

நான் முதன்முதலாக ஓட்டிய சிமுலேஷனில் அதிர்ச்சி அலை அழகாகவே உருவானது. பிளாஸ்மா சுவரில் போய் முட்டி, திரும்பி, எதிரே வந்துகொண்டிருந்த பிளாஸ்மாவோடு பின்னிக்கொண்டு, ஒரே இடத்தில் அடர்த்தி செங்குத்தாக ஏறி நின்றது. படத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட கையோடு எண்ணைப் பார்த்தேன்: 3 மடங்கு. படித்து வைத்திருந்ததோ 4 மடங்கு. இரண்டு வாரம் நிரலை வரி வரியாகக் குடைந்தேன். நிரலில் ஒரு பிழையும் இல்லை, பிழை முழுக்க என் புரிதலில் இருந்தது. அது என்ன என்பதைக் கீழே உரிய இடத்தில் சொல்கிறேன்.

இந்தக் கட்டுரை, சிறப்புச் சார்பியலை ஒருமுறையாவது ஒழுங்காகப் படித்தவர்களுக்கு. மேக்ஸ்வெல் சமன்பாடுகள் பழக்கமாக இருக்க வேண்டும், கொஞ்சம் பைத்தான் தெரிந்தால் போதும். பிளாஸ்மா இயற்பியல் முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை. படிக்கும்போது கையில் தாளும் பேனாவும் இருக்கட்டும், ஏனென்றால் இந்தத் துறையில் பாதி விஷயம் எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும்.

முதலில் காற்றை மறந்துவிடுங்கள்

அதிர்ச்சி அலை என்றதும் ஒலியை மிஞ்சிப் பறக்கும் விமானம்தான் நினைவுக்கு வரும். அங்கே நடப்பது எளிது: ஒரு மூலக்கூறு பக்கத்து மூலக்கூறின் மேல் இடிக்கிறது, அது அடுத்ததன் மேல். இரண்டு மோதல்களுக்கு நடுவே ஒரு மூலக்கூறு போகும் தூரம் சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் அலையின் முகப்பும் அதே அளவுக்கு மெல்லியதாக இருக்கும்.

விண்வெளியில் இந்தக் கதை செல்லாது. சூரியக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏதோ 5 புரோட்டான்கள்தான். ஒரு புரோட்டான் இன்னொன்றோடு உருப்படியாக மோதிக்கொள்ள அது போக வேண்டிய தூரம் கிட்டத்தட்ட பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம், அதாவது 15 கோடி கிலோமீட்டர். ஆனால் பூமிக்கு முன்னால் சுமார் 90,000 கிலோமீட்டரில் சூரியக் காற்று தடுக்கி நிற்கிறதே, அந்த வில் அதிர்ச்சி அலையின் தடிமன் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. விண்கலங்கள் அதைக் கடந்து போய் அளந்திருக்கின்றன. மோதலே இல்லாத இடத்தில் இவ்வளவு கூர்மையான முகப்பு எப்படி வந்தது?

துகள்களை நிறுத்துவது மின்புலமும் காந்தப்புலமும். ஒரு துகள் இன்னொரு துகளைத் தொடுவதில்லை, எல்லாத் துகள்களும் சேர்ந்து உண்டாக்கும் புலத்தில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. இதற்கு மோதலற்ற அதிர்ச்சி அலை என்று பெயர். வானியற்பியலில் நாம் பார்க்கப்போகும் சார்பியல் அதிர்ச்சி அலைகள் கிட்டத்தட்ட எல்லாமே இந்த வகைதான். இதைப் பிடித்துக்கொள்ளாமல் மேலே போனால் பாய்ம இயக்கவியல் புத்தகத்தின் சூத்திரங்களைக் கண்மூடிப் பயன்படுத்திவிட்டு, துகள் முடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று கடைசியில் விழிப்பீர்கள். மோதல் இருந்திருந்தால் எல்லாத் துகளும் சமமாகச் சூடாகிப் போயிருக்கும். மோதல் இல்லாததால்தான் ஒரு சிறு கூட்டம் மற்றவற்றைவிடப் பல மடங்கு ஆற்றலோடு தப்பித்துக்கொள்ள முடிகிறது.

எங்கே தேடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண சூப்பர்நோவா எச்சங்களின் அலை நொடிக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர்தான், சார்பியல் அங்கே பெரிதாகத் தேவையில்லை. பிளேசார்களின் (நம்மை நோக்கி ஜெட் பாய்ச்சும் விண்மீன் மண்டலக் கருக்களின்) ஜெட்டில் லாரன்ஸ் காரணி 10-ஐ ஒட்டி இருக்கும். காமாக் கதிர் வெடிப்புகளில் நூற்றுக்கணக்கில். வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீனான பல்சாரின் காற்றில் அதற்கும் பல மடங்கு மேலே.

எந்தக் குறிப்பாயம்? முதல் வரியில் எழுதுங்கள்

புதிதாக வருபவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே இடத்தில்தான். ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு அது எந்தக் குறிப்பாயத்தில் அளந்தது என்று கேட்காமல் அடுத்த சமன்பாட்டில் போட்டுவிடுவார்கள். மூன்று குறிப்பாயங்கள் உண்டு. அலை இன்னும் தொடாத வாயு ஓய்வில் இருப்பது ஒன்று, இதை முன்பக்கம் என்போம். அலை கடந்துபோன, சூடான வாயு ஓய்வில் இருப்பது இன்னொன்று, அது பின்பக்கம். அலையின் முகப்பே அசையாமல் நிற்பது மூன்றாவது.

அலை ஒளியின் வேகத்தை ஒட்டி ஓடும்போது, காந்தப்புலம் பெரிதாக இல்லையென்றால், மூன்று பரிமாணத்தில் விடை இப்படி வரும்: அலை நிற்கும் குறிப்பாயத்தில் பின்பக்க வாயு ஒளிவேகத்தில் மூன்றில் ஒரு பங்கில் விலகிப் போகும். முன்பக்கத்திலிருந்து பார்த்தால், அலையின் லாரன்ஸ் காரணி அதன் பின்னால் வரும் வாயுவின் லாரன்ஸ் காரணியைப்போல 1.41 மடங்கு, அதாவது 2-இன் வர்க்கமூலம். அலைக்கு முன்னும் பின்னும் உள்ள வாயுவை இணைக்கும் இந்தத் தாவல் நிபந்தனைகளைச் சார்பியலுக்கு ஏற்றபடி எழுதியவர் டாப், 1948-இல். வெடிப்பு அலைக்கு அதை முழுமையாகத் தீர்த்தவர்கள் பிளாண்ட்ஃபோர்டும் மெக்கீயும், 1976-இல்.

இப்போது அந்த 4 மடங்கு. சமன்பாடு இல்லாமலே பார்த்துவிடலாம். ஒரு சுவர், அதை நோக்கி வாயு ஒளிவேகத்தில் வருகிறது. சுவரில் முட்டி நின்ற வாயு குவியக் குவிய, அதன் விளிம்பான அதிர்ச்சி அலை சுவரிலிருந்து ஒளிவேகத்தில் மூன்றில் ஒரு பங்கில் பின்னோக்கி நகர்கிறது. 3 நொடி கழித்து அலை 1 ஒளிநொடி தூரத்தில் இருக்கும். அந்த ஒரு ஒளிநொடிக்குள் அடங்கியிருக்கும் வாயு எவ்வளவு? முதலிலேயே அங்கிருந்த 1 ஒளிநொடி நீள வாயு, அதோடு 3 நொடியில் அந்த இடத்துக்கு ஓடிவந்து சேர்ந்த 3 ஒளிநொடி நீள வாயு. ஆக 4 ஒளிநொடி வாயு 1 ஒளிநொடிக்குள் நெருக்கப்பட்டிருக்கிறது. அதுதான் 4.

சரி, என் 3 எங்கிருந்து வந்தது? நான் ஓட்டியது இரண்டு பரிமாண சிமுலேஷன், துகள்கள் ஒரு தளத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. மூன்று திசையில் பரவ வேண்டிய வெப்ப இயக்கம் இரண்டு திசையில் மட்டும் பரவினால், அதே ஆற்றலுக்கு அழுத்தம் கூடும், வெப்பமாறா அடுக்கு (வாயுவை நெருக்கினால் அழுத்தம் எவ்வளவு வேகமாக ஏறும் என்று சொல்லும் எண்) 4/3-க்குப் பதில் 3/2 ஆகிவிடும். அலை ஒளிவேகத்தில் பாதியில் ஓடும். இப்போது அதே கணக்கைப் போடுங்கள்: 2 நொடியில் அலை 1 ஒளிநொடி, வந்து சேர்ந்தது 2, ஏற்கெனவே இருந்தது 1, மொத்தம் 3. என் நிரல் சரியான விடையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் இரண்டு வாரம் அதனோடு மல்லுக்கட்டினேன்.

இதில் இன்னொரு வலை இருக்கிறது. சார்பியல் இல்லாத சாதாரண வலுவான அதிர்ச்சி அலையிலும் அடர்த்தி 4 மடங்குதான் ஏறும், அந்த 4-ஐ எல்லோரும் முதலில் படித்திருப்பார்கள். அது 5/3 என்ற அடுக்கிலிருந்து வருவது. நாம் இப்போது கண்ட 4, பின்பக்கக் குறிப்பாயத்தில் நின்று இரண்டு அடர்த்திகளையும் அளந்தால் வருவது. இரண்டும் வேறு வேறு 4. ஒவ்வொரு வாயுவின் அடர்த்தியையும் அதனதன் ஓய்வுக் குறிப்பாயத்தில் அளந்தால் விகிதம் 4 காமா கூட்டல் 3, அதாவது லாரன்ஸ் காரணி 300 என்றால் 1203. ஒரே அலைக்கு ஒருவர் 4 என்பார், இன்னொருவர் 1200 என்பார், இருவரும் சரி.

மூன்று எண்களைக் கையால் போடுங்கள்

எந்த அலையைப் பற்றிப் படித்தாலும் நான் முதலில் தேடுவது மூன்று எண்கள். முதலாவது லாரன்ஸ் காரணி. இரண்டாவது பிளாஸ்மாவின் ஸ்கின் டெப்த், அதாவது புலங்கள் பிளாஸ்மாவுக்குள் மாறக்கூடிய இயல்பான நீளம். மூன்றாவது சிக்மா என்று அழைக்கப்படும் காந்தமாக்கம், அதாவது ஓட்டத்தில் காந்தப்புலம் சுமக்கும் ஆற்றலுக்கும் துகள்கள் சுமக்கும் ஆற்றலுக்கும் உள்ள விகிதம்.

விண்மீன்களுக்கு இடையே உள்ள வாயுவை எடுத்துக்கொள்வோம், கன சென்டிமீட்டருக்கு ஒரு புரோட்டான், காந்தப்புலம் 3 மைக்ரோகாஸ். எலக்ட்ரானுக்கு ஸ்கின் டெப்த் சுமார் 5 கிலோமீட்டர், புரோட்டானுக்குச் சுமார் 230 கிலோமீட்டர். வேகமாக ஓடும்போது இது மாறாதா என்று கேட்கலாம். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் எதிரே வரும் வாயுவின் அடர்த்தி லாரன்ஸ் காரணி மடங்கு கூடுகிறது, துகளின் நிறையும் அதே மடங்கு கனக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். அதனால் 230 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்ளலாம். சிக்மா போட்டால் 10⁻⁹-க்கும் கீழே வரும். நூறு கோடியில் ஒரு பங்குகூட இல்லை! முதன்முதலில் இதைப் போட்டபோது நான் அலகைத் தவறாகப் போட்டுவிட்டேனோ என்று மறுபடி சரிபார்த்தேன்.

ஒரு காமாக் கதிர் வெடிப்பைக் கூறுபோட்டுப் பார்ப்போம்

ஆற்றல் 10⁵³ எர்க், லாரன்ஸ் காரணி 300, சுற்றிலும் மேலே சொன்ன அதே வாயு. எல்லாத் திசையிலும் சமமாக வெடிப்பதாக வைத்துக்கொண்டு போடும் கணக்கு இது, உண்மையில் வெடிப்பு ஒரு குறுகிய ஜெட்டாகத்தான் பாயும், ஆனால் அந்தக் குறுகிய கூம்புக்குள் எண்கள் இதே மாதிரிதான்.

வெளியே தள்ளப்பட்ட பொருளின் நிறை, ஆற்றலை லாரன்ஸ் காரணியாலும் ஒளிவேகத்தின் வர்க்கத்தாலும் வகுத்தால் கிடைக்கும்: சுமார் 3.7 × 10²⁹ கிராம், ஏறத்தாழ 60 பூமிகள். இதை நிறுத்த எவ்வளவு வாயு வேண்டும்? அறுபது பூமி எடை வாயு வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படியில்லை. வாரிக்கொள்ளும் ஒவ்வொரு கிராம் வாயுவும் ஓட வேண்டும், சூடாகவும் வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து லாரன்ஸ் காரணியின் வர்க்கம் மடங்கு ஆற்றலைத் தின்றுவிடும். ஆகவே தள்ளப்பட்ட நிறையில் முந்நூறில் ஒரு பங்கு போதும். பூமியின் எடையில் வெறும் ஐந்தில் ஒரு பங்கு வாயு, 60 பூமி எடையுள்ள வெடிப்புக்கு பிரேக் போட்டுவிடுகிறது.

அவ்வளவு வாயுவை வாரிக்கொள்ள அலை போக வேண்டிய தூரம் 5.6 × 10¹⁶ சென்டிமீட்டர், அதாவது 56,000 கோடி கிலோமீட்டர். ஒளியே அதைக் கடக்க 21 நாளுக்கு மேல் எடுக்கும். ஆனால் நம் தொலைநோக்கியில் இது எவ்வளவு நேரத்தில் நடந்ததாகத் தெரியும் தெரியுமா? சுமார் 10 நொடி. ஏனென்றால் அலை, தான் வெளியிட்ட ஒளியையே துரத்திக்கொண்டு வருகிறது. முதல் நாள் புறப்பட்ட ஒளிக்கும் இருபத்தோராம் நாள் புறப்பட்ட ஒளிக்கும் இடையே உள்ள இடைவெளி, லாரன்ஸ் காரணி வர்க்கத்தின் இரு மடங்கால் சுருங்கிவிடுகிறது, 300-க்கு அது 1,80,000. மூன்று வார நாடகத்தை நாம் பத்து நொடியில் பார்க்கிறோம். நேர விரிவு என்று சிலர் இதற்கு விளக்கம் எழுதிவிடுகிறார்கள், அது தவறு. ஒளி வந்து சேரும் நேர வித்தியாசம்தான் இங்கே வேலை செய்கிறது. நேர விரிவு இதற்கு நேர்மாறான திசையில் போகும்.

இன்னும் ஒரே ஒரு கணக்கு, அப்புறம் விட்டுவிடுகிறேன். பின்பக்கத்தில் ஆற்றல் அடர்த்தி, 4 பெருக்கல் 300 வர்க்கம் பெருக்கல் ஒரு புரோட்டானின் ஓய்வு ஆற்றல்: கன சென்டிமீட்டருக்குச் சுமார் 540 எர்க். அலை நெருக்கியதால் 3 மைக்ரோகாஸ் புலம் 1200 மடங்கு ஏறினால் 3.6 மில்லிகாஸ். அதன் ஆற்றலை 540-ஓடு ஒப்பிட்டால் மறுபடியும் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆனால் வெடிப்புக்குப் பின் வரும் பின்னொளிர்வைச் சின்க்ரோட்ரான் கதிர்வீச்சாக (காந்தப்புலத்தில் வளையும் வேகமான எலக்ட்ரான்கள் உமிழும் ஒளியாக) பொருத்திப் பார்க்கும்போது பல வெடிப்புகளுக்கு இதைவிடப் பல மடங்கு வலுவான புலம் தேவைப்படுகிறது. ஆற்றலில் நூறில் ஒரு பங்கு புலத்துக்குப் போகிறது என்று வைத்தால் 12 காஸ் அளவில் வரும், நெருக்கலால் கிடைத்ததைப்போல 3000 மடங்கு. அந்தப் புலத்தை அலையே தயாரித்துக்கொள்ள வேண்டும்.

புலம் பிறக்கும் இடம்

எரிக் வைபெல் 1959-இல் ஒரு நிலையின்மையைக் கண்டு சொன்னார், அதே ஆண்டில் பர்ட்டன் ஃபிரைடு அதற்கு எளிய ஒரு படம் கொடுத்தார். அந்தப் படத்தை மனதில் ஓட்டிப் பாருங்கள். எதிரெதிராக ஓடும் இரண்டு பிளாஸ்மாக்கள், ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவுகின்றன. மொத்த மின்னோட்டம் சுழி. எங்கோ ஓரிடத்தில் தற்செயலாக ஒரு திசை மின்னோட்டம் கொஞ்சம் கூடுதலாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே திசையில் ஓடும் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று ஈர்க்கும், எதிர்த்திசையில் ஓடுபவை தள்ளும், பள்ளியில் படித்ததுதான். எனவே கூடுதலான இடத்துக்கு இன்னும் துகள்கள் வந்து சேரும், மின்னோட்டம் ஏறும், சுற்றியுள்ள காந்தப்புலம் ஏறும், ஏறிய புலம் இன்னும் துகள்களை இழுக்கும். கொஞ்ச நேரத்தில் பிளாஸ்மா முழுக்க நூல் நூலாகப் பிரிந்து நிற்கும், பக்கத்துப் பக்கத்து நூல்களில் மின்னோட்டம் எதிரெதிர் திசையில். அப்புறம் ஒரே திசை நூல்கள் சேர்ந்து தடித்த நூலாகும்.

இந்த வளர்ச்சிக்கு ஆகும் காலத்தின் அடிப்படை அலகு, மேலே சொன்ன வாயுவில் புரோட்டானுக்குக்கூட ஒரு மில்லிநொடிக்குக் குறைவு. 21 நாள் பயணத்தில் அது ஒன்றுமே இல்லை. நூல்கள் போதுமான அளவு தடித்ததும் எதிரே வரும் துகள்களை வளைத்துச் சிதறடிக்கின்றன, ஓட்டம் நிற்கிறது, அதுதான் அதிர்ச்சி அலை. 1999-இல் மெட்வெதெவும் லோபும் காமாக் கதிர் வெடிப்புகளுக்கு இதைப் பொருத்திக் காட்டினார்கள். சிமுலேஷன்களில் முகப்பில் புல ஆற்றல் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை எட்டுகிறது, பின்பக்கம் போகப் போகக் குறைகிறது.

அந்தக் குறைதல்தான் தீராத தலைவலி. புலம் ஸ்கின் டெப்த் அளவில் பிறக்கிறது, ஒளிர வேண்டிய பின்பக்கமோ, நம் எடுத்துக்காட்டில், பின்பக்கக் குறிப்பாயத்தில் ஏறத்தாழ 190 கோடி கிலோமீட்டர். 230 கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள்: 80 லட்சம் ஸ்கின் டெப்த். இவ்வளவு தூரம் அந்தச் சின்னஞ்சிறு புலம் செத்துப்போகாமல் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதற்கு இன்றுவரை எல்லோரும் ஒப்புக்கொண்ட பதில் இல்லை. சிமுலேஷன் செய்பவர்கள் ஆயிரக்கணக்கான ஸ்கின் டெப்த் வரை போகவே மூச்சு வாங்குகிறது.

முடுக்கம், அது எப்போது நடக்காது என்பது

ஃபெர்மி 1949-இல் சொன்ன கருத்து, 1977, 78-இல் கிரிம்ஸ்கி, பெல் முதலானவர்கள் அதிர்ச்சி அலைக்கு எடுத்து எழுதியது: துகள் முகப்பை முன்னும் பின்னும் கடக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் ஆற்றல் ஏறுகிறது. மெதுவான அலையில் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது கொஞ்சம். சார்பியல் அலையில் முதல் சுற்றிலேயே லாரன்ஸ் காரணியின் வர்க்கம் மடங்கு கிடைக்கும், ஆகா என்று எழுந்து உட்காருவீர்கள். ஆனால் இரண்டாவது சுற்றிலிருந்து ஏறத்தாழ 2 மடங்குதான். காரணம் எளிது. முன்பக்கத்துக்குத் தப்பிய துகளை அலை கிட்டத்தட்ட அதே வேகத்தில் துரத்துகிறது. துகளின் திசை, ஒன்றை லாரன்ஸ் காரணியால் வகுத்தால் வரும் அளவுக்கு (ரேடியனில்) திரும்பினாலே போதும், அலை அதைப் பிடித்துவிடும். 300-க்கு அது 0.2 டிகிரி. முழுதாகத் திரும்பி எதிர்த்திசையில் வந்து மோத அதற்கு நேரமே கிடைப்பதில்லை.

இந்தக் கணக்கைக் கடைசிவரை போட்டால் துகள்களின் ஆற்றல் நிறமாலை அடுக்கு விதியாக வரும், அடுக்கு சுமார் 2.2. கெஷெத்தும் வாக்ஸ்மனும் 2005-இல் இதற்கு 20/9 என்று ஒரு பகுமுறை விடையே கொடுத்தார்கள். அனுமானங்களிலிருந்து தொடங்காமல், துகள்களையும் புலங்களையும் மட்டும் வைத்து ஓட்டிய சிமுலேஷனில் இந்த அடுக்கு விதி, நிறமாலையின் உயர் ஆற்றல் பக்கத்தில் ஒரு வாலாகத் தானாக முளைப்பதை 2008-இல் ஸ்பிட்கோவ்ஸ்கி காட்டினார். எலக்ட்ரான், பாசிட்ரான் பிளாஸ்மாவில் நூறில் ஒரு பங்கு துகள்கள், மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்கோடு, வெப்பக் குவியலுக்கு வெளியே நீண்டிருந்தன.

ஆனால் சிக்மா ஏறினால் ஆட்டம் மாறிவிடும். காந்தப்புலம் ஓட்டத்துக்குக் குறுக்கே இருந்தால், துகள் புலக்கோட்டில் கோத்த மணிபோல அதோடே சேர்ந்து பின்பக்கம் அடித்துச் செல்லப்படும். புலக்கோட்டின் வழியே ஓடி அலையை முந்த வேண்டுமென்றால் ஒளியைவிட வேகமாக ஓட வேண்டியிருக்கும். அலை நிற்கும் குறிப்பாயத்தில் புலத்தின் குறுக்குக் கூறு லாரன்ஸ் காரணி மடங்கு பெருகிவிடுவதால், முன்பக்கத்தில் புலம் எந்தக் கோணத்தில் இருந்தாலும், அந்த 0.2 டிகிரிக்குள் இருந்தால் ஒழிய, குறுக்காகவே ஆகிவிடும். எனவே காந்தமேறிய சார்பியல் அலைகளில் ஃபெர்மி முடுக்கம் விதிவிலக்குதான். சிரோனி, ஸ்பிட்கோவ்ஸ்கி குழுவின் சிமுலேஷன்களில் எலக்ட்ரான் பாசிட்ரான் பிளாஸ்மாவுக்குச் சிக்மா 10⁻³-க்குக் கீழே இருந்தால்தான் வால் முளைத்தது. புரோட்டான் கலந்தால் எல்லை அதைவிடவும் கீழே.

இங்கே நண்டு நெபுலா குறுக்கே வந்து நிற்கும். 1054-இல் வெடித்த சூப்பர்நோவாவின் எச்சம், நடுவே 33 மில்லிநொடிக்கு ஒருமுறை சுழலும் பல்சார், அதன் காற்று சுமார் மூன்றில் ஒரு ஒளியாண்டில் அதிர்ச்சி அலையில் முட்டி நிற்கிறது. சந்திரா தொலைநோக்கியின் எக்ஸ் கதிர்ப் படத்தில் அந்த வளையத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். புலம் குறுக்கேதான் இருக்கிறது, மேலே சொன்னபடி முடுக்கமே நடக்கக்கூடாது, ஆனால் நெபுலா பிரகாசமாக எரிகிறது. பல்சாரின் நடுக்கோட்டை ஒட்டிக் காற்றில் புலத்தின் திசை பட்டை பட்டையாக மாறி மாறி வருவதால், அலையில் அவை ஒன்றையொன்று அழித்து மறு இணைப்பாகி ஆற்றலைத் துகள்களுக்குக் கொடுக்கலாம் என்பது ஒரு வலுவான விளக்கம். எனக்கு அது பிடித்திருக்கிறது, ஆனால் வழக்கு முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

தரவோடு ஒருமுறை கைகுலுக்குங்கள்

நேரடியாக சிமுலேஷனுக்குப் போகாதீர்கள், இதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். 2004-இல் ஏவப்பட்ட ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் எக்ஸ் கதிர் ஒளிவளைவுகள் இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இருக்கின்றன. ஒரு வெடிப்பைத் தேர்ந்து, ஒளிர்வு நேரத்தோடு எப்படிக் குறைகிறது என்று மடக்கைத் தாளில் வரையுங்கள். துகள் அடுக்கு 2.2 என்றால், வேகமாக ஆற்றலை இழக்கும் எலக்ட்ரான்களுக்கு நிறமாலைச் சரிவு 1.1, நேரச் சரிவு 1.15. ஒரு சரிவு தெரிந்தால் இன்னொன்று என்னவாக இருக்க வேண்டும் என்று கோட்பாடு சொல்லிவிடும், நிறமாலைச் சரிவை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கழித்துப் பாதியாக்குங்கள். பொருந்தும் வெடிப்புகளும் உண்டு, பொருந்தாதவையும் உண்டு. பொருந்தாததைத் தேடிப் பிடியுங்கள், அதில்தான் பாடம்: முதல் சில மணி நேரத்தில் பல வெடிப்புகளின் எக்ஸ் கதிர் இந்தச் சரிவுக்கு வராமல் தட்டையாகவே போகும்.

சிமுலேஷன், ஒரு சின்னப் பெட்டியில்

பார்ட்டிகிள் இன் செல் முறையில் துகள்கள் கட்டமில்லாமல் ஓடும், புலங்கள் கட்டங்களில் இருக்கும், துகள்களின் மின்னோட்டம் கட்டத்தில் ஏறும், புலம் துகளைத் தள்ளும். சொந்தமாக எழுதிப் பார்க்க ஆசை இருந்தால் ஒரு பரிமாணத்தில் எழுதுங்கள், அதற்குமேல் வேண்டாம். ஸ்மிலெய், வார்ப்எக்ஸ், எபோக், டிரிஸ்டன் எம்பி என்று நன்றாகச் சோதிக்கப்பட்ட திறந்த நிரல்கள் இருக்கின்றன. ஸ்மிலெயில் உள்ளீட்டுக் கோப்பே பைத்தானில்தான் எழுத வேண்டும், தொடங்க வசதி.

என் பரிந்துரை: எலக்ட்ரான், பாசிட்ரான் மட்டும், இரண்டு பரிமாணம், லாரன்ஸ் காரணி 10, பின்னணிப் புலம் இல்லை. புரோட்டானைத் தொடாதீர்கள், நிறை வித்தியாசம் கணினி நேரத்தை விழுங்கிவிடும். நீளம் 1000 ஸ்கின் டெப்த், அகலம் 25, ஒரு ஸ்கின் டெப்துக்கு 10 கட்டம். மொத்தம் 25 லட்சம் கட்டங்கள், கட்டத்துக்கு 8 துகள் என்றால் 2 கோடித் துகள்கள், ஒரு நல்ல மடிக்கணினியின் நினைவகத்தில் அடங்கிவிடும். இடது பக்கம் துகளையும் புலத்தையும் திருப்பியடிக்கும் சுவர். பெட்டி முழுவதையும் இடப்பக்கம் ஓடும் பிளாஸ்மாவால் நிரப்பிவிடுங்கள், புதிதாக உள்ளே ஊற்றுவதை முதல் முயற்சியில் தவிர்க்கலாம், ஏனென்றால் ஓடிவரும் பிளாஸ்மாவின் வால், பாதி ஒளிவேகத்தில் எதிரே வரும் அலையைச் சந்திக்க 650 அலகு காலத்துக்கு மேல் ஆகும் (ஒரு ஸ்கின் டெப்தை ஒளி கடக்கும் நேரம் ஒரு அலகு). ஒவ்வொரு எலக்ட்ரானையும் அதன் பாசிட்ரானையும் அதே இடத்தில் வைத்துத் தொடங்குங்கள், ஆரம்பத்தில் மின்னூட்டம் சுழியாக இருக்கும், தேவையற்ற மின்புலம் வராது.

ஓட்டிய பிறகு முதலில் எண்கள், அப்புறம்தான் வண்ணப்படம். அடர்த்தி 3 மடங்கை ஒட்டியிருக்கிறதா? 4 வந்தால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். அலை பாதி ஒளிவேகத்தில் ஓடுகிறதா? சுவர் நிற்பதும் பின்பக்கமும் ஒரே குறிப்பாயம் என்பதால், பின்பக்கத்தில் ஒரு துகளின் சராசரி ஆற்றல் கிட்டத்தட்ட 10 ஓய்வு ஆற்றலாகவே இருக்க வேண்டும், ஓட்டம் வெப்பமாக மாறியதே தவிர ஆற்றல் எங்கும் போகவில்லை. மொத்த ஆற்றல் மாறாமல் இருக்கிறதா?

அடுத்து, எல்லோரையும் ஒருமுறையாவது ஏமாற்றும் பேய். கட்டத்தில் குறுகிய அலைநீள ஒளி, உண்மையான ஒளிவேகத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். லாரன்ஸ் காரணி 10 உள்ள துகள் அதை முந்திவிடும், முந்தினால் இல்லாத கதிர்வீச்சு பிறக்கும். எண்முறை செரென்கோவ் நிலையின்மை என்பது இதுதான். முன்பக்கத்தில், அலை இன்னும் எட்டாத இடத்தில், கட்ட அளவில் மெல்லிய சுருக்கங்கள் தெரியும், பார்க்கப் புதிய இயற்பியல்போலவே இருக்கும். சந்தேகம் வந்தால் சுவரை எடுத்துவிட்டு, ஒரு பக்கம் வெளியேறும் துகள் மறுபக்கம் நுழையும்படி சுழலும் எல்லையோடு வெறும் ஓட்டத்தை மட்டும் ஓட்டுங்கள். அப்போதும் சுருக்கம் வந்தால் அது பேய்தான். மின்னோட்டத்தைச் சில முறை வடிகட்டுவதும், துகளின் வடிவத்துக்கு உயர் வரிசைச் சார்பைப் பயன்படுத்துவதும் அதை அடக்கும்.

கடைசியாக, பின்பக்கத் துகள்களின் ஆற்றல் நிறமாலையை 200, 400, 600 அலகு காலங்களில் ஒரே மடக்கைப் படத்தில் வரையுங்கள். குவியல் மூன்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும், அது வெப்பம். அதன் வலப்பக்கம் ஒரு மெல்லிய வால் மூன்று படங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டால் முடுக்கம் தொடங்கிவிட்டது. நான்கு மடங்கு நேரம் ஓட்டினால் வாலின் நுனி இரண்டு மடங்குதான் தள்ளிப்போகும், ஏனென்றால் நூல் நூலான சின்னப் புலங்களில் அதிக ஆற்றல் துகள்கள் சரியாகத் திரும்புவதில்லை. வால் சரியாகத் தெரிய வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான அலகு ஓட வேண்டும், பெட்டியை நீட்ட வேண்டும், மடிக்கணினி அதோடு கையை விரித்துவிடும். இதே பெட்டியில் தளத்துக்குச் செங்குத்தாகப் பின்னணிப் புலம் ஒன்றைச் சிக்மா 0.1 அளவுக்குச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். இந்த முறை நூல்களுக்குப் பதில் முகப்பிலிருந்து முன்பக்கத்துக்கு ஒரு மின்காந்த அலை சீராகக் கிளம்பிப் போவது தெரியும், நிறமாலையில் குவியல் மட்டும் இருக்கும், வால் இருக்காது.